ஒரே பெயரில் இரண்டு

மேல்மாடிக் கம்ப்யூட்டர் அன்றைக்கும் பட்டியலில் இல்லை.

சிஜி இன்னொரு தடவை தேடவிட்டு, திரையில் அந்தப் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு முடிந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது, பிரிண்டர் இருந்தது, டிவி இருந்தது, அவள் போனும் லிஜோவின் போனும் இருந்தன. தலைக்கு நேர் மேலே, கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. மொட்டைமாடித் தகரக் கூரையில் கொட்டுகிற மழை மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அதன் பழைய விசிறிச் சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

வீடு லிஜோவின் அண்ணன் ஷாஜி டொராண்டோவிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. கீழே நாலு அறை, மேலே நாலு அறை. லிஜோவின் அம்மா, அம்மச்சியும் போய்ச் சேர்ந்த பிறகு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு அது ரொம்பப் பெரிதாகிவிட்டது. ஈராட்டுப்பேட்டையிலிருந்து ஏறிவரும் மலைச்சரிவில், சுற்றிலும் ரப்பர் மரங்கள். பக்கத்து வீடான பேபிச்சன் வீட்டுக்கே தோட்டத்துக்குள் கால்மணி நேரம் நடக்கவேண்டும்.

சிஜி வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலை செய்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு, எழுத்தாக அடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. அடித்ததையெல்லாம் மேல்மாடிக் கம்ப்யூட்டரில்தான் சேர்த்து வைப்பாள். இடம் அதில்தான் இருந்தது. கீழிருந்தபடியே அதற்குள் போய் எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம், மேலே சிக்னல் சரியாக வரவில்லை என்று லிஜோ இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி வந்து மாட்டினான். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் காணாமல் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவோடு ஏறி இறங்கவேண்டியிருந்தது.

ஏறுவதில் அவளுக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. முந்தாநாள் பாதியில் விட்டுவந்த ஒரு ரிப்போர்ட், நேற்றுப் போய்ப் பார்த்தபோது முழுதாக இருந்தது. அவள் வழக்கமாகச் செய்யும் பிழைகளோடு. அவள் விடும் இடைவெளிகளோடு. தூக்கக் கலக்கத்தில் நாமே அடித்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிதான். கர்க்கடக மாத மழையில் அதற்குள்ளேயே இருட்டி, ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புச் சுவராக நின்றன. புகையறையில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை, உலராத துணியின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் பூஞ்சணம். போனில் டவர் எப்போதோ போய்விட்டது. சிஜி வைஃபையில் டிட்டோவைக் கூப்பிட்டாள். லிஜோவின் சித்தப்பா மகன், பாலாயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

"சேச்சி, ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேரு வெச்சா, அம்மா கூப்பிடும்போது யாரு போவா? அதே கதைதான்," என்றான் டிட்டோ. "கீழ ஒரு பெட்டி, மேல ஒரு பெட்டி. ரெண்டுக்கும் 'கல்லுவேலில்'னு அதே வீட்டுப்பேரு, ஒரே பாஸ்வேர்டு. லிஜோ இச்சாயன் பண்ணின வேலைதான?"

"வேற யாரு?"

"உங்களோடது கீழ்ப்பெட்டியோட பேசுது. மேல இருக்கறது மேல்பெட்டியோட பேசுது. ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் அது வேற வீடு, இது வேற வீடு. ஒண்ணு கண்ணுக்கு இன்னொண்ணு தெரியாது. மேல்பெட்டிய முதல்ல பிடுங்கிப் போடச் சொல்லுங்க. போக்கிடம் இல்லாம கீழ வந்து சேரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை வர்றேன், மாட்டெறச்சி வறுத்து வைங்க. அதான் என் ஃபீஸ்."

அவள் சிரிக்க மறந்து போனை வைத்தாள்.

லிஜோ தான் வேலை பார்க்கும், ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் கடையிலிருந்து அன்று சீக்கிரமே வந்துவிட்டான். நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றான்.

"மத்தியானம் வெச்ச கப்பைக் கிழங்கு இருக்கு. முதல்ல மேல போய் அந்தப் பெட்டிய எடுங்க இச்சாயா. ஆறு மணிக்குள்ள நான் அனுப்பணும்."

"நான் வந்தேனா இல்லையான்னுகூட நிமிந்து பாக்கல நீ."

அவள் நிமிர்ந்தாள். அதற்குள் அவன் படியேறிக்கொண்டிருந்தான். இந்த வேலை வந்த பிறகு அப்படித்தான் ஆகிவிட்டது. அவள் திரைக்கு முன்னால் சாப்பிடுவாள், அவன் டிவிக்கு முன்னால். பேச்சு என்றால் கரண்ட் பில், கேஸ் சிலிண்டர். அவன் ஈரக்காலின் சுவடு ஒவ்வொரு படியிலும் பளபளத்தது.

மழை இரைச்சலில் கத்தினால் கேட்காது. மேலே போனதும் போனில் கூப்பிட்டான்.

"பிடுங்கிட்டேன். பெட்டி என் கையில இருக்கு. இப்ப பாரு."

பச்சைக் கோடு ஊர்ந்தது. முடிந்தது. "இல்ல."

"இரு." கீபோர்டைத் தட்டும் சத்தம். "எடி, இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் சேந்துதான் இருக்கு. கல்லுவேலில்னுதான் காட்டுது. சிக்னல் ஃபுல்லு."

"கீழ்ப்பெட்டியோட சேந்துருச்சோ என்னவோ. அதோட ஐபி நம்பரைப் பாருங்க. டிட்டோ முன்னாடி ஒரு தடவை காமிச்சானே. கடைசிக்கு முந்தின எண். எனக்கு ஒண்ணு."

"இங்க ஏழு."

ஒன்றும் ஏழும். இரண்டு வீடு.

"பேபிச்சன் வீட்டுலேருந்து வருதா?"

"பேபிச்சன் எதுக்குடி நம்ம வீட்டுப்பேர வைக்கணும்? நம்ம பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரியும்? அதுவும் அங்கேருந்து ஃபுல் சிக்னலா? நீ கீழ உள்ளதையும் ஒரு தடவை அணைச்சுப் போடு."

அவள் எழுந்து டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்த பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பேச்சு அறுந்தது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இப்போது இந்த வீட்டில் எந்த சிக்னலும் இருக்கக்கூடாது. வெறும் மழை. தகரத்தில், வாழை இலையில், முற்றத்துச் சிமென்ட்டில் விழும் மழை. அதற்கு நடுவே மேலே விசிறி பல்லைக் கடித்தது. எண்பது எண்ணும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்று நினைத்தாள், இருபதுக்குமேல் முடியவில்லை. ஒயரைத் திரும்பச் சொருகினாள். விளக்குகள் வந்ததும் போன் அடித்தது.

"ஏன்டி கட் பண்ணின? அணைச்சியா இல்லையா?"

"அணைச்சேனே. இப்பத்தான் போட்டேன்."

"இங்க ஒண்ணும் அசையல. ஓடிக்கிட்டேதான் இருந்துது." அவன் குரலில் இப்போது எரிச்சல் இல்லை, புதிர் விடுவிக்கிறவனின் உற்சாகம். "இரு, இதுல என்னென்ன சேந்திருக்குன்னு பாக்கறேன். டிவி இருக்கு. பிரிண்டர் இருக்கு. சிஜி கம்ப்யூட்டர். சிஜி போன். எல்லாம் நம்மளுதுதான்டி! பின்ன எதுக்கு உனக்குத் தெரியமாட்டேங்குது?"

"என் போனா? என் போன் இங்கல்ல இருக்கு, என் பட்டியல்ல."

"இங்கயும் இருக்கு. என் போன் மட்டும்தான் இல்ல."

சிஜியின் முழங்கையிலிருந்து மேலே ஒரு குளிர் ஏறியது. ஜன்னல் சாத்தியிருந்தது. யாருடைய வீடாக இருந்தாலும் அதில் எல்லாம் இருக்கிறது. அவளும் இருக்கிறாள். அவன் மட்டும் இல்லை.

"இச்சாயா, விட்டுட்டு வாங்க. நான் பென்டிரைவ்லயே எடுத்துக்கறேன்."

"இரு இரு. பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்பிப் பாக்கறேன்… ஆங், அடிக்குது. சத்தம் கேக்குது பாரு."

பிரிண்டர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன்மேல் துணி மூடியிருந்தது. துணி அசையவில்லை.

"இங்க அடிக்கல."

"கேக்குதேடி எனக்கு. கீழேருந்துதான் வருது." போனை அவன் தூரமாகப் பிடித்திருக்கவேண்டும். அவளுக்கும் கேட்டது. கர்ர், கர்ர் என்று தாளை இழுக்கும் சத்தம், தாள் தட்டில் விழும் சத்தம். போனுக்குள். அறைக்குள் இல்லை.

"கீழ வாங்க," என்றாள். "எனக்குப் பிடிக்கல. சொன்னாக் கேளுங்க, இப்பவே வாங்க."

"வர்றேன், வர்றேன். என் போனையும் இதுல சேத்துட்டு வர்றேன், அப்ப தெரிஞ்சுபோகும்."

"வேண்டாம்."

"சேந்துருச்சு."

அவள் திரையில், பட்டியலின் கடைசி வரி மறைந்தது. லிஜோ போன் என்று இருந்த இடம் வெள்ளையாயிற்று. பேச்சு அறவில்லை. முன்னைவிடத் தெளிவாக, காதுக்குள்ளேயே நிற்பதுபோல அவன் மூச்சு கேட்டது. மழைச் சத்தம் அந்தப் பக்கம் இல்லவே இல்லை.

"மழை விட்டுருச்சா?" என்றான் லிஜோ.

தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது.

படியில் காலடிச் சத்தம். சிஜி நாற்காலியைத் திருப்பிப் படியைப் பார்த்தாள். சளக், சளக் என்று ஒவ்வொரு படியாக, பாதி வழியில் திருப்பத்தில் வழக்கம்போல ஒரு நொடி நின்று, பிறகு வேகமாக மிச்சப் படிகள். முழுக்கப் போனில். படியில் ஒருவரும் இல்லை. ஏறிப்போன ஈரச் சுவடுகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"வந்துட்டேன்," என்றது அவன் குரல். "எங்கடி போன?"

"நான் இங்கதான் இருக்கேன். அதே நாற்காலில. இச்சாயா, நீங்க எங்க இருக்கீங்க?"

"நாற்காலி காலியா இருக்கு. விளையாடாத." பிறகு, குரல் இளகியது. "ஓ, அடுக்களையிலயா? என்னடி இது, வாசனை தூக்குது. பழம்பொரியா? எனக்கா?"

அடுக்களையில் இருட்டு. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பு ஜில்லிட்டுக் கிடப்பது அவளுக்குத் தெரியும்.

"இச்சாயா, அது நான் இல்ல."

அவன் கேட்கவில்லை, அல்லது கேட்டதைப் புரிந்துகொள்ளவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். டம்ளர் மேஜையில் வைக்கப்படும் சத்தம். யாரோ சிரித்தார்கள். மெல்லிய, மூக்கால் தொடங்கி வாயில் முடியும் சிரிப்பு. கல்யாணமான புதிதில், விளக்கணைந்த பிறகு இவள் சிரித்த சிரிப்பு. அதை அவள் எப்போது கடைசியாகச் சிரித்தாள் என்பது நினைவில் இல்லை.

"லிஜோ!" பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அதைச் சாப்பிடாதீங்க. எந்திரிச்சு மேல போங்க. மேல போய் அந்தப் போனை எடுத்து விடுங்க அதுலேருந்து. சத்தியமா சொல்றேன், நான் கீழ நம்ம வீட்டுல இருக்கேன். உங்களப் பாக்கவே முடியல எனக்கு."

அவன் மூச்சு மாறியதை அவள் கேட்டாள்.

"நீ இங்க என் எதிர்ல உக்காந்திருக்க," என்றான் மெதுவாக. "வாயே அசையலயே. அப்ப போன்ல யாரு?"

"நான்தான். நான்தான் இச்சாயா."

அப்போது இன்னொரு குரல் வந்தது. போனுக்கு மிக அருகில், வாயை அதன்மேல் வைத்துப் பேசுவதுபோல. இவளுடைய குரல்தான். ஆனால் களைப்பு இல்லாத குரல்.

"வெச்சிடுங்க இச்சாயா. அது அப்படித்தான், நாலஞ்சு நாளா தானாப் பேசுது. ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டாள். மணியே அடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். முற்றத்தில் அவன் பைக் நனைந்துகொண்டு நின்றது, அதன் அடியில் தவளை ஒன்று. "லிஜோ!" என்று மரங்களைப் பார்த்துக் கத்தினாள். மழை அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. இவ்வளவு நேரம் மேலே விளையாட்டு காட்டுகிறான், ஒளிந்துகொண்டிருக்கிறான், கட்டிலுக்கடியில் படுத்துச் சிரிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். கைப்பிடிச் சுவர் வியர்த்திருந்தது. திருப்பம். இன்னும் ஏழெட்டுப் படி. விசிறிச் சத்தம் வலுத்தது.

அறை காலி. கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரியில் இல்லை. மற்ற மூன்று அறைகளும் வெளியிலிருந்து தாழிட்டபடி. மேஜைமேல் பிடுங்கிய பெட்டி, ஒயரை அவன் வழக்கமாகச் சுற்றும் விதத்தில் சுற்றி. நாற்காலியின் இருக்கையைத் தொட்டாள். இன்னும் சூடு.

தன் போனை எடுத்தாள். எப்படிப் போனானோ அப்படியே போவது. அங்கே போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது. திரையில் கல்லுவேலில் என்று இரண்டு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டாவதை அழுத்தினாள். பாஸ்வேர்டு அடித்தாள். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது.

சேர முடியவில்லை. இந்தப் போன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இன்னொரு தடவை. அதே வரி.

கம்ப்யூட்டர் திரையில் அவன் திறந்துவைத்த பட்டியல் அப்படியே இருந்தது. டிவி, பிரிண்டர், சிஜி கம்ப்யூட்டர், சிஜி போன். கீழே புதிதாக, லிஜோ போன். அதற்கும் கீழே, ஹால் கேமரா. அம்மச்சி படுக்கையில் கிடந்த காலத்தில், டொராண்டோவிலிருந்து அம்மாவைப் பார்ப்பதற்கென்று ஷாஜி வைக்கச் சொன்ன கேமரா. அடக்கம் முடிந்த வாரமே அதைக் கழற்றியாயிற்று. சுவரில் ஓட்டைதான் மிச்சம்.

அவள் அதை அழுத்தினாள்.

சத்தமில்லாத படம். கீழே உள்ள ஹால். அவளுடைய ஹால்தான், ஆனால் பெருக்கித் துடைத்து, ஜன்னல்கள் திறந்து, வெளியே வெயில். சாப்பாட்டு மேஜையில் லிஜோ. முன்னால் தட்டு, ஆவி பறக்கும், பால் விடாத கட்டன்சாயா. சந்தேகம் இன்னும் முழுதாகப் போகாத முகம். பாதி தின்ற பழம்பொரி கையில். எதிரே இருந்த நாற்காலி காலி.

அவனுக்குப் பின்னால் அவள் வந்தாள். சிஜியின் நைட்டி. சிஜியின் பின்னல். குனிந்து, இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்தினாள், யார் என்று சொல் என்பதுபோல. முதலில் அவன் தோள் விறைத்தது. பிறகு தளர்ந்தது. சிரித்தான். வாய் நிறையப் பழத்தோடு, தலையைப் பின்னால் சாய்த்து, சின்னப் பையன்போல. அவன் வாய் ஒரு பெயரைச் சொன்னது.

"இல்ல," என்றாள் சிஜி திரையிடம். "இல்ல. இல்ல."

அவன் தலைக்கு மேலிருந்து அந்த முகம் நிமிர்ந்தது. கேமராவைப் பார்த்தது. கேமராவை அல்ல, அதன் வழியாகச் சிஜியை.

படம் நின்றுவிட்டது.

கட்டன்சாயாவின் ஆவி வளைந்த இடத்தில் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் முள் நின்றது. ஜன்னல் திரைச்சீலை காற்றில் உப்பியபடி நின்றது. லிஜோவின் சிரிப்பு, திறந்த வாயோடு நின்றது. சிஜி திரையைத் தட்டினாள். கீபோர்டைத் தட்டினாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

விசிறி அடங்கியது. படம் அணையவில்லை.

எல்லாம் உறைந்து கிடந்தது. அவன் கண்களின் மேலிருந்த அந்தப் பத்து விரல்களைத் தவிர. அவை மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே போய்க்கொண்டிருந்தன.